கடன் நோட்டை டேட்டாபேஸில் ஏற்றிப் பார், தம்பி

தம்பி, வெப்சைட் கட்ட உதவும் ரியாக்ட் தெரியும், எக்ஸ்பிரஸ் தெரியும், ஆனால் இன்டர்வியூவில் டேட்டாபேஸ் கேள்வி வந்தாலே வாயடைத்துப் போகிறது என்று எழுதியிருந்தாய். அப்பா இன்னொரு கோர்ஸுக்குப் பணம் கட்டத் தயாராக இருக்கிறாராம். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் லேப்டாப்பில்தான் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் இருக்கிறதே. அதில் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்த உதவும் பெட்டர்-எஸ்கியூலைட்3 என்ற சின்ன லைப்ரரியைப் போட்டுக்கொள். நோட் ஜேஎஸ், எல்டிஎஸ் எனும் நீண்டகால ஆதரவுப் பதிப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விண்டோஸில் கம்பைலர் கேட்டுப் படுத்தும். எஸ்கியூலைட் 2000இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது, உன் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. தனி சர்வர் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். சர்வர் செட்டப்பிலேயே ஒரு வாரத்தைத் தொலைத்து, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் பக்கம் போகாமலே சோர்ந்துவிட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்ததால்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, எதை வைத்துப் பழகுவது? மளிகைக் கடை என்றாயே, அந்தக் கடன் நோட்டை எடு. வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள், பற்றுக்கு ஒரு டேபிள். லைப்ரரியின் பிரிப்பேர் என்ற ஃபங்ஷனில் எஸ்கியூஎல் வாக்கியத்தை எழுதும்போது பெயர், தொகை வரும் இடத்தில் கேள்விக்குறி போடு, மதிப்பைத் தனியாகக் கொடு. ஸ்ட்ரிங்கோடு ஒட்டினால், பெயருக்குப் பதில் யாராவது கட்டளையைத் தட்டி உன் டேட்டாபேஸைக் கெடுக்கலாம், அதாவது எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு நீயே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். எழுத ரன், ஒரு வரி எடுக்க கெட், எல்லாம் எடுக்க ஆல், அவ்வளவுதான், பதிலுக்குக் காத்திருக்க எழுதும் அவெய்ட்கூட வேண்டாம். அப்புறம் யார் யார் எவ்வளவு பாக்கி என்று கேட்டுப் பார், டேபிள்களை இணைக்கும் ஜாயினும் வரிகளைத் தொகுக்கும் குரூப் பையும் எதற்கு என்று அப்போது தானாகவே புரியும்.

ஒரு சோதனையை மட்டும் கட்டாயம் செய். பத்தாயிரம் வரியை லூப்பில் ஒவ்வொன்றாகச் சேர்த்து நேரத்தைக் குறித்துக்கொள், பிறகு அதே லூப்பை ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து ஓட்டு. டிரான்சாக்‌ஷன் என்றால், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று ஒன்றாகக் கட்டிய வேலை. முதல் முறையில் ஒவ்வொரு வரியும் தனி டிரான்சாக்‌ஷன், டிஸ்கில் உறுதியாகப் பதிந்த பிறகுதான் அடுத்த வரிக்கு நகரும். இரண்டாவதில் அந்தக் காத்திருப்பு ஒரே ஒரு தடவைதான். டிரான்சாக்‌ஷன் என்றால் என்ன என்று இன்டர்வியூவில் கேட்டால், மனப்பாடம் ஒப்பிக்காமல் உன் லேப்டாப்பில் வந்த அந்த இரண்டு நேரத்தையும் சொல்.

ஒரே நேரத்தில் ஒருவர்தான் இதில் எழுத முடியும் என்பதால், பல சர்வரிலிருந்து எழுதும் வேலைக்கு போஸ்ட்கிரெஸ் போலத் தனி சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் வேண்டும். அதற்குப் போகும்போது இங்கே பழகிய எஸ்கியூஎல் பெரும்பாலும் அப்படியே கைகொடுக்கும். இந்த வாரம் கடன் நோட்டில் ஒரு பக்கத்தை ஏற்றிவிட்டு, எங்கே சிக்கியது என்று எனக்கு எழுது, பார்த்துக்கொள்ளலாம்.