கையெழுத்து மாறினால் மறதிநோயா? கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கில் முதியோருக்குச் செயல்வழி சிகிச்சை அளிக்கும் அக்கா ஒருவர், பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பட்டர்வொர்த்: அப்பாவுக்கு 74 வயது. எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. மறதிநோயா?

வரியின் முடிவுக்குள் எழுத்து எறும்பாகிவிட்டால் அது உடல் அசைவைப் பாதிக்கும் பார்க்கின்சன் நோயில் அதிகம் காணப்படுவது. நடை தளர்ந்திருக்கிறதா, சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறாரா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மறதிநோய் வகையான அல்சைமரில் பெரும்பாலும் சொல் முதலில் தவறும், கை பிறகுதான்.

புக்கிட் மெர்தாஜாம்: தாத்தா எழுதிய கடைச் சீட்டில் 'லை' விசித்திரமாக இருக்கிறது. குழம்பிவிட்டாரா?

இல்லை, தம்பி. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் லை, ளை, ணை, னை நான்குக்கும் துதிக்கை, அதாவது யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு உண்டு. தோட்டப் பள்ளியில் தாத்தா படித்தது அதைத்தான். அவருடைய பத்து ஆண்டுக்கு முந்தைய சீட்டோடு இன்றையதை ஒப்பிடுங்கள். என் எழுத்தோடோ உங்கள் எழுத்தோடோ அல்ல. என்னிடம் வந்த பாட்டி ஒருவர் சீட்டில் 'புளி' என்று மூன்று முறை எழுதினார். 'வெங்காயம்' எழுதக் கொம்பைப் போட்டார், பேனா நின்றது. எந்த எழுத்துக்குப் போட்ட கொம்பு என்பது மறந்துவிட்டது. கையொப்பம் மட்டும் அச்சடித்ததுபோல் இருந்தது! ஆயிரம் முறை போட்டுப் பழகியது கடைசியில்தான் போகும். ஆகவே கையொப்பம் சரியாக இருக்கிறதே என்று பத்திரத்தை நீட்டாதீர்கள்.

ஆயர் ஈத்தாம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: துதிக்கையை வெட்டியதே தவறு. ர, ற குழப்பம்தான் உண்மையான நோய்.

ஐயா, துதிக்கை போனதில் எனக்கும் வருத்தம்தான். அச்சுக்கோப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆனால் ர, ற வாழ்நாள் முழுக்கக் குழம்பியவருக்கு அது பழக்கம். நாற்பது ஆண்டு பிழையின்றி எழுதிய உங்களுக்குக் குழம்பினால் நான் கவலைப்படுவேன்.

அதே ஆசிரியர்: எனக்குக் குழம்பாது.

மகிழ்ச்சி.

ஜெலுத்தோங்: அம்மாவின் எழுத்து சிறுத்துவிட்டது…

முதல் பதிலைப் படியுங்கள்.

பாயான் லெப்பாஸ்: தினமும் இரண்டு பக்கம் எழுத வைத்தால் நோய் நிற்குமா?

நிற்காது. அழவைத்து எழுதவைக்காதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

நிபோங் திபால்: அப்பா நன்றாகக் கையெழுத்துப் போடுகிறார். வீட்டை மாற்றி எழுதலாமா?

மறுபடியும் கையொப்பம்! எதில் போடுகிறோம் என்பது அவருக்குப் புரிகிறதா? பொதுவாக, மனத்திறன் போய்விட்டால் தன் சார்பில் செயல்பட முன்பு ஒருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரமும் செல்லாது. வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஜார்ஜ் டவுன்: நேற்று எழுதியவர் இன்று காலை பேனாவைப் பிடிக்க முடியவில்லை, வாயும் கோணுகிறது.

இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவசர உதவிக்கு 999 அழையுங்கள், இப்போதே.