பீங்கான் தட்டுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன் சைனா, போர்சலின் இரண்டும் ஒன்றுதானா? பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஒன்றல்ல. கயோலின் என்ற வெண்களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களும் கலந்து, 1300 முதல் 1400 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கெட்டி போர்சலின். போன் சைனாவின் மரபான கலவையில் ஏறக்குறைய பாதி எலும்புச் சாம்பல். இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் ஸ்போட் குடும்பத்தார் 1790களில் இதை நிலைப்படுத்தினார்கள். இருட்டில் தட்டின் பின்னால் டார்ச் அடித்து, நடுவே விரலை வையுங்கள். விரல் நிழல் தெரிந்து, வெளிச்சம் தந்தம்போல் இளமஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் போன் சைனா. நீலம் கலந்த வெண்மை என்றால் போர்சலின். தடித்த ஹோட்டல் தட்டில் இந்தச் சோதனை பலிக்காது, போர்சலினாகவே இருந்தாலும் ஒளி ஊடுருவாது. ஸ்டோன்வேர் என்ற கல்போன்ற மண்பாண்டத்தில் வெளிச்சமே வராது.

வெள்ளைத் தட்டில் சாம்பல் நிறக் கோடுகள். கீறலா?

பெரும்பாலும் கீறல் அல்ல. கத்தி, முள்கரண்டியின் உலோகம் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சின்மேல் ஒட்டியது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் கழித்து மென்துணியால் தேயுங்கள். கம்பி நாரைத் தொடாதீர்கள்: மேற்பரப்பு சொரசொரப்பானால் உலோகம் இன்னும் அதிகமாக ஒட்டும். தங்க விளிம்பில் சோடா படக்கூடாது.

பழைய தட்டில் வலைபோல் மெல்லிய விரிசல். சாப்பிடலாமா?

வேண்டாம், அலமாரியில் அழகுக்கு வையுங்கள். சூளையில் ஆறும்போது அடியிலுள்ள மண்ணைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு வெடிக்கும். எர்தன்வேர் என்ற, குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: நுண்துளைகள் உள்ள அதன் மண் ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வீங்குகிறது. மேலே உள்ள கண்ணாடிப் படலத்தால் அதற்கு ஈடுகொடுத்து விரிய முடிவதில்லை. எண்ணெயும் குழம்பும் அந்தக் கோடுகள் வழியே உள்ளே இறங்கிப் பழுப்பாகும், மேலே கழுவினால் போகாது. வெளுக்கட்டும் என்று ப்ளீச்சில் ஊறவைப்பவர்கள் உண்டு. அதுவும் உள்ளே தங்கி, பிறகு கிளேஸையே பெயர்த்துவிடலாம். பழைய வண்ணக் கிளேஸில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் புளிப்பான உணவை வைப்பது இரட்டைத் தவறு.

அடியில் உள்ள முத்திரையில் ஆண்டு இருக்கிறது. தட்டு அவ்வளவு பழையதா?

பலர் ஏமாறும் இடம் இது. இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் நிறுவன முத்திரையில் வரும் 1759 நிறுவனம் தொடங்கிய ஆண்டு. நேற்றுச் செய்த தட்டிலும் அது இருக்கும். நாட்டின் பெயர் இன்னும் நல்ல துப்பு: இறக்குமதிப் பொருளில் அது வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1891-இல் கட்டாயமாக்கியது. ஜப்பானியத் தட்டில் ‘நிப்பான்’ என்றிருந்தால் பொதுவாக 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது, அதன்பின் ‘ஜப்பான்’. ஜெர்மனியின் மைசன் போர்சலின் ஆலையின் முத்திரையான குறுக்கு வாள்களை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள், அவ்வளவு போலிகள்.

தங்க விளிம்புத் தட்டை மைக்ரோவேவில் வைக்கலாமா?

கூடாது, பொறி பறக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஆகாது. தங்கம் கிளேஸுக்கு மேலே பூசிக் குறைந்த சூட்டில் சுட்டது, சீக்கிரம் தேயும்.