கேள்வி – பதில்: ஹிட்ச்காக் முடிக்காத முதல் படம்

கே: திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கின் முதல் படம் 'தி பிளெஷர் கார்டன்' என்றுதான் படித்திருக்கிறேன். அதற்கு முன்பே 'நம்பர் 13' என்று ஒன்றைத் தொடங்கினார், அது வெளிவரவே இல்லை என்கிறான் என் நண்பன். உண்மையா? எங்காவது பார்க்கக் கிடைக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

ப: உண்மைதான், ஆனால் பார்க்க முடியாது. 1922-இல் ஹிட்ச்காக் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். அமெரிக்காவின் ஃபேமஸ் பிளேயர்ஸ் லாஸ்கி நிறுவனம் லண்டன் இஸ்லிங்டனில் நடத்திய ஸ்டுடியோவில், ஊமைப் படங்களின் நடுவே வரும் எழுத்து அட்டைகளை வடிவமைப்பதுதான் அவருக்கு வேலை. அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் 'நம்பர் 13'-க்குக் கதை எழுதினார்; சாப்ளினிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்பதால் அவருக்குத் தனி மதிப்பு. ஜார்ஜ் பீபாடி என்ற அமெரிக்க வங்கியாளர் ஏற்படுத்திய அறக்கட்டளை லண்டன் ஏழைகளுக்காகக் குறைந்த வாடகையில் குடியிருப்புகள் கட்டியிருந்தது, அப்படி ஒரு குடியிருப்பில் வாழ்கிறவர்களின் கதை. கிளேர் கிரீட்டும் எர்னஸ்ட் தெசிஜரும் நடித்தார்கள்.

சில காட்சிகள் எடுத்ததுமே பணம் தீர்ந்துபோனது. அமெரிக்க முதலாளிகளும் அந்த ஸ்டுடியோவிலிருந்து விலகிக்கொண்டிருந்த நேரம். ஹிட்ச்காக்கின் அப்பாவுடன் பிறந்த ஜான் கொஞ்சம் பணம் போட்டார், அப்புறம் கிளேர் கிரீட்டே தன் கைக்காசைக் கொடுத்தார், அதுவும் போதவில்லை. படம் நின்றுவிட்டது.

இதில் என்னை நெகிழ வைப்பது கிளேர் கிரீட்தான். சின்னச் சின்ன வேடங்களில் நடித்துவந்த, ஐம்பது வயதைத் தொட்ட ஒரு நடிகை, ஒரு படம்கூட இயக்கி முடிக்காத பையனை நம்பிச் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார் என்றால் அது சாதாரண விஷயமா? 1927-இல் வந்த 'தி ரிங்' தொடங்கி 'தி மேங்ஸ்மேன்', 'மர்டர்', 'சபோடாஜ்', 1939-இல் வந்த 'ஜமைக்கா இன்' வரை ஹிட்ச்காக் அவருக்கு வேடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். நன்றி மறக்காத மனசு என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

கே: ஹிட்ச்காக் வேலை செய்த பழைய படம் ஒன்று நியூசிலாந்தில் கிடைத்ததே, இதுவும் அப்படிக் கிடைக்காதா?
– வாசகி, கோவை

ப: நீங்கள் சொல்வது 'தி வைட் ஷேடோ'. கிரஹாம் கட்ஸ் இயக்கியது, ஹிட்ச்காக் அதில் உதவி இயக்குநர். 2011-இல் அதன் ஆறு ரீல்களில் மூன்றை அடையாளம் கண்டார்கள். கப்பலேறி உலகின் அந்தக் கோடிவரை போன பிரதிகளைத் திருப்பி அனுப்பச் செலவாகும் என்று பல படங்களை அங்கேயே விட்டுவிட்டார்கள், அதனால்தான் சில தப்பின. 'நம்பர் 13'-க்கு அந்த வாய்ப்பே இல்லை. முடியாத படத்துக்கு யார் பிரதி போடுவார்கள்? எடுத்த கொஞ்சமும் எளிதில் தீப்பிடிக்கிற, தானே மக்கிப்போகிற நைட்ரேட் பிலிம். சில ஸ்டில்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

நம்பிக்கை வைப்பதானால் அவருடைய இரண்டாவது படமான 'தி மவுண்டன் ஈகிள்' மேல் வையுங்கள். அது முடிந்து, திரையரங்குகளுக்குப் போய், பிறகு காணாமல்போன படம். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2010-இல் வெளியிட்ட 75 தொலைந்த படங்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு பிரதியாவது எங்கோ கிடக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.