கீறல் விழுந்த பெயிண்ட் மேல் ராப் ஒட்டலாமா?

குளச்சலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2014 மாடல் சிவப்பு ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். எங்கள் முடுக்கில் மதிலோடு உரசி உரசி இடப்பக்கக் கதவு இரண்டிலும் கீறல். பானட்டில் பெயிண்டின் மேல்தோல் உரிந்து வெள்ளைத் திட்டாகக் கிடக்கிறது. அதே இடப்பக்கப் பின்கதவின் அடியில் ஓரிடத்தில் பெயிண்ட் பொங்கி நிற்கிறது. டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை சொன்னதால் ஸ்டிக்கர் கடையில் விசாரித்தேன். எதுவும் செய்ய வேண்டாம், இருக்கிறபடியே மேலே வினைல் ராப் ஒட்டி இரண்டு நாளில் தருகிறேன் என்கிறார். நம்பி ஒட்டலாமா?"

இருக்கிறபடியே ஒட்டக் கூடாது. ராப் என்பது பெயிண்ட் மேல் ஒட்டுகிற மெல்லிய நிற பிளாஸ்டிக் ஃபிலிம். அது பழைய நிறத்தை மறைக்கும், வெயிலில் இருந்து அடியிலுள்ள பெயிண்டைக் காக்கும். பழுதைச் சரி செய்யாது. நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வகைப் பழுது என்பதால் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

முதலில் பின்கதவு, ஏனென்றால் அதுதான் அவசரம். பெயிண்ட் பொங்கியிருக்கிறது என்றால் அடியில் துரு பிடித்தாகிவிட்டது. இரண்டு பருவமழையும் வாங்குகிற, கடல் காற்றில் எந்நேரமும் உப்பு இருக்கிற ஊர் நம்முடையது, ஈரமும் உப்பும் சேர்ந்தால் துரு நிற்காது. மேலே ஃபிலிம் ஒட்டினால் அது கண்ணில் படாமல் வளரும், கொஞ்ச நாளில் ஃபிலிமும் சேர்ந்து பொங்கும், அதற்குள் தகடு ஓட்டையாகியிருக்கும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய சின்னச் சின்னத் துளைகள் உண்டு, குனிந்து பாருங்கள். அதில் மண் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும், கதவடியில் வருகிற துரு பெரும்பாலும் இப்படி உள்ளேயிருந்து வருவதுதான். துளையைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, துருவைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடித்து, அப்புறம்தான் பட்டி. ராப் ஒட்டுபவர் ஃபிலிமை விளிம்பில் மடிக்கும்போது அந்தத் துளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பானட்டில் உரிவது கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கிற நிறமற்ற காப்புப் பூச்சு. ராப் நிற்பது பசையால். அந்தப் பசை எதைப் பிடித்திருக்கிறதோ அதுவே தகட்டை விட்டுக் கழன்றுகொண்டிருந்தால் காரை உதிர்கிற சுவரில் போஸ்டர் ஒட்டிய கதைதான். சந்தேகம் இருந்தால் நல்ல செல்லோ டேப் ஒரு துண்டை உரிந்த திட்டின் ஓரத்தில் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், டேப்பில் செதில் வந்தால் ராப்பும் அப்படித்தான் வரும். வண்டியைக் கழுவி, நிழலில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் இதைச் செய்யுங்கள். பானட் தேய்க்கப்பட்டு மறுபடி பெயிண்ட் ஏறியே ஆக வேண்டும்.

கதவுக் கீறலுக்கு இரண்டு சோதனை. கீறலில் தண்ணீர் தடவுங்கள், ஈரம் இருக்கும்வரை கீறல் காணாமல் போகிறது என்றால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது, காம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசை போட்டு மெஷின் பாலிஷ் செய்தாலே போதும், ராப்புக்கு வேலையே இல்லை. அடுத்து நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டினால் ராப்பிலும் அந்தக் கோடு தெரியும். நல்ல காஸ்ட் ஃபிலிம் (திரவ வினைலை வார்த்துச் செய்வது) சுமார் 50 மைக்ரான், பசையோடு சேர்த்தாலும் 100 மைக்ரானுக்குள்தான். அவ்வளவு மெல்லியது பள்ளத்தை நிரப்பாது, பள்ளத்தோடு இறங்கி உட்காரும். பளபளப்பான ஃபிலிமில் அது அப்பட்டமாகத் தெரியும், பளபளப்பில்லாத மேட் ஃபிலிமில் கொஞ்சம் அடங்கும், கார்பன் ஃபைபர் போலப் பின்னல் சொரசொரப்பு உள்ளதில் இன்னும் அடங்கும். மதில் உரசல் என்கிறீர்கள், ஆகவே ஆழமான கீறல் இருக்கவே வாய்ப்பு. அவற்றுக்குப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரில் சமமாகத் தேய்க்க வேண்டும்.

ராப்பினால் உண்மையாகவே பணம் மிச்சமாகிற இடம் ஒன்று உண்டு. அடியில் அடிக்கிற பெயிண்ட் உங்கள் சிவப்போடு பொருந்த வேண்டியதில்லை. வெயில் தின்ற பழைய சிவப்புக்கு ஷேட் பிடிப்பது பெயிண்டருக்குப் பெரிய பாடு, அந்த வேலை இங்கே குறையும். மீதமிருக்கிற எந்த நிற 2கே பெயிண்டும் (ஹார்டனர் கலந்து அடிப்பது) சரி, தளம் வழவழப்பாகவும் இறுக்கமாகவும் இருந்தால் போதும். ஆனால் வெறும் பட்டி மேலோ பிரைமர் மேலோ ஒட்டச் சம்மதிக்காதீர்கள். இரண்டிலும் நுண்துளைகள் அதிகம், பசை சரியாகப் பிடிக்காது, பின்னால் கழற்றும்போது ஃபிலிமோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

புதுப் பெயிண்ட் முழுதாகக் காயாமல் ஒட்டினால் அதிலிருந்து வெளியேறுகிற ஆவி ஃபிலிமுக்கு அடியில் குமிழாக நிற்கும். பெயிண்ட் பூத் என்கிற மூடிய அறையில் சூடு வைத்துக் காயவைத்தாலும் பொறுமை வேண்டும், சாதாரண ஷெட்டில் காய்ந்தது என்றால் ஒரு மாதமாவது விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. தை, மாசியில் காற்றில் ஈரம் குறைவு, முடிந்தால் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுகிற இடம் கதவடைத்த, தூசியில்லாத அறையாக இருக்கட்டும். ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கிற பக்கம் திறந்த ஷெட்டில் ஒட்டினால் பானட் முழுக்க மணல் பருதான் மிஞ்சும்.

கடைக்காரரிடம் காஸ்ட் ஃபிலிமா, காலண்டர்டு ஃபிலிமா என்று நேராகக் கேளுங்கள். உருளைகளுக்கு நடுவே அழுத்திச் செய்கிற காலண்டர்டு மலிவு, தட்டையான பலகைக்கும் கடை போர்டுக்கும் போதும், ஆனால் வளைவில் இழுத்து ஒட்டினால் நாளடைவில் சுருங்கி ஓரம் எழும்பும். 3எம் 2080, ஏவரி டெனிசன் சுப்ரீம் போன்றவை காஸ்ட். ரோலின் பெட்டியைக் கண்ணால் பாருங்கள். இழுத்து ஒட்டிய இடங்களில் கடைசியாக ஹீட் கன்னால் 90 டிகிரிக்கு மேல் சூடு காட்டுகிறார்களா என்பதையும் கேளுங்கள், அதைச் செய்யாவிட்டால் எந்த நல்ல ஃபிலிமும் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். பிளேடால் வண்டி மேலேயே வெட்டுபவரைவிட, வெட்டுவதற்கென்றே வருகிற நூல் டேப் பயன்படுத்துபவரைத் தேர்ந்தெடுங்கள். பிளேடு கோடு தகடுவரை போனால் நம் ஊரில் அங்கேயும் துருதான்.

நிறம் மாற்றும் ஆசை இருந்தால் ஒட்டும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். ஆர்சியில் சிவப்பு, வண்டி கறுப்பு என்றால் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவில் நிறுத்தும்போது பதில் சொல்ல வேண்டிவரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தால் உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இது: பின்கதவுத் துருவையும் கதவுக் கீறலையும் உடனே எடுத்து அந்த இரண்டு கதவையும் சிவப்பிலேயே பெயிண்ட் செய்யுங்கள். பானட்டைத் தேய்த்து ஏதாவது ஒரு நிறத்தில் அடித்து, ஒரு மாதம் கழித்து பானட்டுக்கு மட்டும் கறுப்பு மேட் ராப் போடுங்கள், நிறம் மாறுகிற பேச்சு என்பதால் இதையும் ஆர்டிஓவில் கேட்டுவிட்டு. முழு வண்டிக்கும் ராப் என்றால் அடியில் செய்கிற வேலைக்கும் காசு, மேலே ஃபிலிமுக்கும் காசு, 2014 வண்டிக்கு அது வீண்.

ஒட்டிய முதல் வாரம் கழுவ வேண்டாம். பலா மரத்தடியில் நிறுத்தாதீர்கள். காக்கை எச்சம் விழுந்தால் காயும் முன் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள், ஃபிலிமில் கறை வேகமாக ஏறும். முட்டத்திலோ சொத்தவிளையிலோ கடலோரம் நிறுத்திவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் நாசிலை ஃபிலிமின் ஓரத்துக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். ஓரம் எழும்பியது தெரிந்தால் விரலால் அமுக்கிப் பார்க்காமல், உள்ளே அழுக்குப் போகும் முன் ஒட்டிய கடைக்கே கொண்டுபோங்கள்.