பழைய ஊரில் பெயர் வெட்டுப்பட்டது, புது ஊரில் ஏறவில்லை: என்ன செய்வது?

கேள்வி: நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவன். கல்யாணம் முடித்து, வெல்லாவெளிப் பக்கம் மனைவி வீட்டில் இருக்கிறேன். கடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எனக்கு இரண்டு ஊரிலும் வாக்காளர் அட்டை வரவில்லை. “நீ அங்கே போய்விட்டாய் என்று ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) சொல்லிவிட்டோம்” என்கிறார்கள் அம்மா வீட்டில். இங்குள்ள ஜீ.எஸ்., “இந்த வீட்டில் உங்கள் பெயர் இல்லையே” என்கிறார். மாமியின் அடையாள அட்டையிலும் எழுத்து அழிந்துவிட்டது. கண் பார்வையும் குறைவு. மச்சான் கொழும்பில் கடையொன்றில் வேலை, லீவு தரமாட்டார்களாம். மாகாண சபைத் தேர்தல் வருமென்று கதை அடிபடுகிறது. நாங்கள் என்ன செய்யவேண்டும்?

பதில்: தம்பி, வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரையில் இது உங்கள் ஒருவருடைய கதை அல்ல. நம் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். பிறந்த வீட்டில் பெயரை வெட்டுவதற்கு “அவன் இப்போது இங்கே இல்லை” என்ற ஒரு வார்த்தை போதும். புகுந்த வீட்டில் பெயர் ஏறுவதற்கோ யாராவது எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுப்பது உங்கள் வேலை. ஜீ.எஸ். தானாகச் சேர்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டால் இப்படித்தான் நடுவில் நிற்க நேரும்.

முதலில் பெயர் உண்மையிலேயே வெட்டுப்பட்டதா என்று பாருங்கள். அட்டை வரவில்லை என்பதற்காகப் பெயர் இல்லை என்று ஆகாது. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேடலாம். புதிய அட்டை எடுத்தவர்கள் 12 இலக்க எண்ணையும், ‘வி’ எழுத்தோடு முடியும் பழைய எண்ணையும் இரண்டு தரம் போட்டுப் பாருங்கள். வாக்காளர் இடாப்பில் (பெயர்ப் பட்டியலில்) எது பதிவாகியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். போனில் பார்க்க வசதியில்லை என்றால் ஜீ.எஸ். அலுவலகம், பிரதேச செயலகம், மாவட்டத் தேர்தல்கள் அலுவலகம் மூன்றில் எங்கும் கேட்கலாம்.

பழைய ஊரில் பெயர் இன்னும் இருந்தால் அவசரப்பட்டு அதை நீக்கச் சொல்லாதீர்கள். புது ஊரில் ஏறும்வரை அங்கே போய் வாக்களிக்கலாம். ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. பாராளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதற்கும் 5 ஆசனம். கொக்கட்டிச்சோலையில் போட்டாலும் வெல்லாவெளியில் போட்டாலும் அந்த வாக்கு ஒரே கணக்கில்தான் சேரும், இரண்டும் பட்டிருப்புத் தொகுதிக்குள்ளேயே வருகின்றன. உள்ளூராட்சித் தேர்தலில்தான் இடம் முக்கியம். நீங்கள் நடக்கிற ரோட்டைப் போடுவது வெல்லாவெளிக்குரிய போரதீவுப்பற்று பிரதேச சபை, உங்கள் வாக்கு விழுவதோ கொக்கட்டிச்சோலைக்குரிய மண்முனை தென்மேற்கு வட்டாரமொன்றில் என்றால் என்ன பயன்?

இனிப் பெயரை மாற்றுகிற வழி. வாக்காளர் இடாப்பு ஒவ்வொரு ஆண்டும் திருத்தப்படுகிறது. பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் எங்கே வழமையாகக் குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அந்தத் திகதியை ஒட்டியே எங்களுக்கு வேளாண்மை வெட்டுக் காலமும் வந்துவிடுகிறது. ஆட்கள் வட்டையில் (வயலில்), அங்குள்ள வாடியில் (குடிசையில்). ஜீ.எஸ். வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார். ஆகவே அவர் வரட்டும் என்று காத்திராமல், அந்த நாட்களில் ஒருநாள் நீங்களே அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் மாமியோ மனைவியோ, வீட்டுக்குப் பொறுப்பானவராகப் படிவத்தில் கையெழுத்து வைப்பவரையும் கூட்டிப்போங்கள். விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளை இருந்தால் பிறப்புச் சான்றிதழ், மனைவி வீட்டு விலாசத்துக்கு உங்கள் பெயரில் வந்த கடிதம் ஏதாவது இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். படிவத்தில் இதற்கு முன் எங்கே பதிவாகியிருந்தீர்கள் என்பதைச் சரியாக எழுதுங்கள். ஒருவர் ஓரிடத்தில்தான் பதிவாகலாம், தெரிந்துகொண்டு இரண்டு இடத்தில் எழுதுவது குற்றம்.

எழுதிக்கொடுத்த கையோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம், பெரும்பாலும் பிழைப்பது அங்கேதான். இடாப்பு உறுதியாகுமுன் இரண்டு பட்டியல்களைப் பார்வைக்கு வைப்பார்கள்: ஒன்றில் நீக்கப்படப் போகும் பெயர்கள், மற்றதில் புதிதாகச் சேரப் போகும் பெயர்கள். ஜீ.எஸ். அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் அவை கிடக்கும். அநேகமாக யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். பழைய ஊரின் நீக்கப் பட்டியலில் பெயர் இருந்து, புது ஊரின் சேர்ப்புப் பட்டியலில் இல்லை என்றால், பட்டியல் பார்வைக்கு இருக்கும் காலத்துக்குள் எழுத்தில் உரிமை கோரலாம். விசாரணைக்குக் கூப்பிட்டால் ஆவணங்களோடு போய்ச் சொல்லுங்கள். இடாப்பு உறுதியான பிறகு தேர்தல் அறிவிக்கப்பட்டால், நடைமுறையிலிருக்கும் இடாப்பை வைத்துத்தான் வாக்கெடுப்பு. அப்போது யாருடைய சிபாரிசும் எடுபடாது.

மாகாண சபைத் தேர்தல் பற்றி: கிழக்கில் கடைசியாக நடந்தது 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி. 2017இல் சபையின் காலம் முடிந்தது. அதே ஆண்டு தேர்தல் முறையைச் சட்டத்தில் மாற்றினார்கள். புதிய முறைக்கான தொகுதிகளின் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்றதால் எல்லாம் தொங்கிப்போனது. தேர்தல் திகதி அறிவிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் பெயர் இன்னொரு வருடம் வெளியே நிற்கும்.

சரி, மாமியின் விஷயம். அட்டையில் படமும் எழுத்தும் தெளிவில்லை என்றால் வாக்கெடுப்பு நிலையத்தில் பிரச்சினை வரும். இப்போதே ஜீ.எஸ். ஊடாகப் புதிய தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வயது 60 தாண்டியிருந்தால் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டையும் எடுத்து வையுங்கள், வாக்களிக்கும்போது அதையும் ஏற்கிறார்கள். செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதிய அடையாள அட்டை ஆகியவையும் செல்லும். இவை ஒன்றுமே இல்லாதவருக்கு, தேர்தல் அறிவித்தபின் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை தரும். புகைப்படத்தோடு ஜீ.எஸ்.ஸிடம் கொடுக்கவேண்டும். ஆனால் அதை ஏற்பது தேர்தலுக்கு முன் சில நாட்களோடு நின்றுவிடும். முதல் நாள் பின்னேரம் போய் நின்றால் கிடைக்காது.

பார்வை குறைந்தவர் உதவிக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம். அதற்குரிய படிவத்தை ஜீ.எஸ். அலுவலகத்தில் எடுத்து, அரச வைத்தியரிடம் சான்று பெறவேண்டும். கூடப்போகிறவர் வேட்பாளராகவோ கட்சியின் முகவராகவோ இருக்கக்கூடாது. சான்று எடுக்க முடியாமல் போனால், நிலையப் பொறுப்பதிகாரி இன்னொரு அலுவலர் முன்னிலையில் மாமி சொல்கிறபடி புள்ளடி (× அடையாளம்) போட்டுக்கொடுப்பார். என்னைக் கேட்டால் மகளையே கூட்டிப்போவது நல்லது. பழக்கமில்லாத ஆட்கள் முன்னால் சின்னத்தைச் சொல்ல வயதானவர்கள் கூச்சப்படுவார்கள்.

புள்ளடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 667,240. அதற்கு இரண்டு மாதம் முந்திய ஜனாதிபதித் தேர்தலில் 300,300தான். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி; பிறகு விரும்பினால் அதே கட்சியில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் வேட்பாளரின் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழு வாக்கும் வீண். உள்ளூராட்சியில் ஒரே ஒரு புள்ளடி.

மச்சானுக்கு: வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு கேட்பது அவருடைய உரிமை. 150 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டியவர்களுக்கு அண்மைய தேர்தல்களில் சொல்லப்பட்ட அளவு இரண்டு நாள்; கொழும்பிலிருந்து மட்டக்களப்பு 300 கிலோமீற்றருக்கும் மேல். வாயால் கேட்காமல் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். மறுத்தால் தேர்தல்கள் அலுவலகத்தில் முறையிட அந்தப் பிரதி வேண்டும். வாக்காளர் அட்டை இங்கே வீட்டில் கிடந்தால் அதற்காக அவர் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால், வாக்காளர் அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம்.