எண்ணிக்கை பெருகினால் இயந்திரம் விழித்துக்கொள்ளுமா?

அன்புள்ள ஐயா,

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாகப் படித்தேன். கணினிகளின் திறனோ ஆண்டுக்காண்டு பெருகுகிறது. செயற்கை நுண்ணறிவோடு பேசினால் எதிரே ஒருவர் இருப்பது போலவே தோன்றுகிறது. மூளையும் ஓர் இயந்திரம்தானே? இப்படியே போனால் கணினிக்கும் தன்னுணர்வு வந்துவிடாதா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

மூளையும் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதான். அதனால் இயந்திரத்துக்குத் தன்னுணர்வு வரவே வராது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெருகப் பெருக அது தானாக வந்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். அந்த 8,600 கோடியில் ஏறக்குறைய 6,900 கோடி செல்கள் பின்மண்டையில் உள்ள சிறுமூளையில்தான் இருக்கின்றன. ஐந்தில் நான்கு பங்கு! ஆனால் சிறுமூளையே இல்லாமல் பிறந்து வளர்ந்தவர்கள், அபூர்வமாக, உண்டு. அவர்களுக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும், கோப்பையை எடுக்கப் போகும் கை குறி தவறும். ஆனால் வலி தெரிகிறது, நிறம் தெரிகிறது, துக்கமும் வருகிறது. அதைவிட மிகக் குறைவான செல்கள் கொண்ட பெருமூளைப் புறணி, அதாவது பெருமூளையின் மடிப்பு மடிப்பான வெளி அடுக்கு, பரவலாகச் சிதைந்தால் ஆள் நினைவே இல்லாமல் கிடக்கக்கூடும். சிறுமூளையின் சுற்றுகள் பெரும்பாலும் தனித்தனியாக, ஒரே திசையில் ஓடுகின்றன. புறணியில் செய்தி போவதும் திரும்பி வருவதுமாக இருக்கிறது. காரணம் அங்கே இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படியானாலும், எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

சரி, செய்யும் வேலையை வைத்துச் சொல்லலாமா? அதுவும் கடினம். பார்வைப் புறணி சேதமடைந்த சிலருக்குப் பார்வையின் ஒரு பகுதி இருண்டுவிடும். அந்தப் பக்கம் ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டினால் எதுவும் தெரியவில்லை என்பார்கள். சும்மா ஊகித்துக் கைகாட்டுங்கள் என்றால் பெரும்பாலும் சரியான இடத்தையே காட்டிவிடுவார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் 1970களில் இதை விரிவாக ஆராய்ந்தார். கண்டுகொள்ளும் வேலை நடக்கிறது, காணும் அனுபவம் மட்டும் இல்லை. நம் தலைக்குள்ளேயே இவை பிரிய முடியுமென்றால், இயந்திரம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்வதை எப்படிச் சான்றாக எடுப்பது?

அதன் பேச்சையும் நான் சாட்சியாக ஏற்க மாட்டேன். வருத்தத்தைப் பற்றி மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துப் பழகிய இயந்திரம், உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும் "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று எழுதும். 1966ல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா, சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல். அதனிடமே ஆட்கள் மனம்விட்டுப் பேசினார்கள். எதிரே ஆள் இருப்பதாக எண்ணிக்கொள்ள நமக்கு அவ்வளவு போதும்.

என் கவலை வேறு பக்கம் இருக்கிறது. 2022ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சுமார் 8 லட்சம் நரம்புச் செல்களை மின்முனைகள் பதித்த தட்டில் வளர்த்து, பாங் என்ற பழைய வீடியோ விளையாட்டில் பந்தைத் தட்டப் பழக்கினார்கள். அவற்றுக்கு உணர்வு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேசும் கணினிக்காக இவ்வளவு விவாதிக்கும் நாம், வாய் இல்லாத அந்தச் செல்களைப் பற்றி அநேகமாகக் கேட்பதே இல்லை. உங்கள் கேள்வியை முதலில் அங்கேதான் கேட்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.