சுருட்டுத் தொழிலாளர்களின் சூப்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஜாக்சன்வில்லில் இருக்கிறேன். போன மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை செயின்ட் அகஸ்டினுக்கு அழைத்துப் போனேன். செயின்ட் ஜார்ஜ் தெருவில் கொலம்பியா உணவகத்தில் சாப்பிட்டோம். முற்றம், நீரூற்று, சுவரெல்லாம் பூ ஓடுகள். ஸ்பானியர் ஆண்ட காலத்து வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. 1905 முதல் நடக்கிறது என்றும் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தக் கிளையே 1983இல்தான் திறந்ததாம். மனசு விட்டுப்போயிற்று. வெறும் செட்டைப் பார்த்தா மயங்கினோம்?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

1983 சரிதான். 1905உம் பொய்யில்லை, அது ஃப்ளோரிடாவின் இன்னொரு ஊரான டாம்பாவில் உள்ள தாய்க்கடையின் வயது. செயின்ட் அகஸ்டின் 1565இல் ஸ்பானியர் நிறுவிய துறைமுகம். அந்தப் பழமையின் நடுவில் உட்கார்ந்ததால் கடையையும் ஊரையும் ஒன்றாக நினைத்துவிட்டீர்கள். இரண்டுக்கும் கதை தனித்தனி. இரண்டுமே எனக்குப் பிடித்த கதைகள்.

இன்று டாம்பாவின் ஒரு பகுதியான ஈபோர் சிட்டி, 1880களில் விசென்தே மார்தினெஸ் ஈபோர் என்பவர் சுருட்டு ஆலைகளுக்காக உருவாக்கிய ஊர். (ஆங்கிலத்தின் ‘ஷெரூட்’ நம் சுருட்டிலிருந்து போன சொல் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.) கியூபர்கள், ஸ்பானியர்கள், சிசிலிக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே இலை சுருட்டினார்கள். ஆலைக்குள் உயரமான மேடையில் ஒருவர் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் அப்புறம் நாவலும் உரக்க வாசிப்பார். ‘லெக்தோர்’ என்று பெயர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல, தொழிலாளர்கள்தான், தங்கள் கூலியிலிருந்து. 1931இல் முதலாளிகள் அந்த வாசிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் காபி குடிக்க வந்த மூலைக்கடைதான் கொலம்பியா. கியூபாவிலிருந்து வந்த காசிமிரோ எர்னாண்டெஸ் 1905இல் தொடங்கினார். இன்று அது ஒரு முழுத் தெருக்கட்டத்தையும் அடைத்து நிற்கிறது. நீங்கள் பார்த்த ஓடுகளும் நீரூற்றும் அது வளர்ந்த பிறகு சேர்த்துக்கொண்ட அலங்காரம். ‘1905 சாலட்’கூட 1940களில் அங்கே பரிமாறிய ஒருவர் கலந்து கண்டுபிடித்தது.

நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. ஸ்பானிஷ் பீன் சூப் கேட்டிருந்தால், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, சோரிஸோ என்ற ஸ்பானியத் தொத்திறைச்சி, பன்றி இறைச்சி எல்லாம் சேர்த்துக் கொதித்த கிண்ணம் வந்திருக்கும். நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்தவர்களின் வயிற்றை நிரப்பிய சாப்பாடு அது. அந்தக் கிண்ணத்தை செட் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, செயின்ட் அகஸ்டினுக்கே உரிய ருசி எது? கொலம்பியாவிலிருந்து அதே தெருவில் கொஞ்சம் நடந்தால் செயின்ட் ஃபோடியஸ் என்ற கிரேக்கக் கோயில் இருக்கிறது. அது யாருடைய நினைவு என்பதுதான் விஷயம். 1768இல், ஃப்ளோரிடா ஆங்கிலேயர் கையில் இருந்தபோது, ஆண்ட்ரூ டர்ன்புல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மத்தியதரைக் கடலில் உள்ள மெனோர்கா தீவிலிருந்தும் கிரேக்க, இத்தாலியப் பகுதிகளிலிருந்தும் சுமார் 1,400 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார். நியூ ஸ்மிர்னாவில் அவுரித் தோட்டம். ஒன்பது ஆண்டுகளில் பாதிக்கு மேல் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் 1777இல் தோட்டத்தை விட்டுவிட்டு, ஏறக்குறைய 70 மைல் வடக்கே, செயின்ட் அகஸ்டினுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களின் சந்ததி இன்றும் அங்கே இருக்கிறது. 1784இல் ஸ்பானியர் திரும்பி வந்தபோது ஊரில் பெரும்பாலும் இருந்தது இவர்கள்தான்.

அவர்கள் வீட்டுச் சமையல்தான் மெனோர்க்கன் பிலாவு. பெயரைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும், நம் புலாவுக்குச் சொந்தம். அதில் டாட்டில் என்ற மிளகாய் போடுவார்கள். அபனேரோ என்ற கார மிளகாயின் இனம், நல்ல காரம், அடியில் ஒரு பழத்தின் இனிப்பு. மெனோர்கர்களே கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள். கரீபியன் தீவுகள் வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். எப்படி வந்தாலும், விடாமல் அதை வளர்த்து வைத்திருக்கும் ஊர் அதுதான்.

அப்பா அம்மா இன்னும் அங்கே இருந்தால் மறுபடி ஒருமுறை போய் வாருங்கள். கொலம்பியாவில் அந்த சூப்பைச் சாப்பிடுங்கள் (பன்றி இறைச்சி ஆகாது என்றால் வேண்டாம்). அப்புறம் அந்தக் கோயிலுக்குள் பத்து நிமிடம் உட்காருங்கள். திரும்பும்போது ஒரு பாட்டில் டாட்டில் சாஸ் வாங்கி வாருங்கள். தயிர்ச்சோற்றுக்கு அது எப்படி இருக்கிறது என்று உங்கள் அம்மாவைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.